மண்ணூர் வெள்ளை

குன்றத்தூர்
7 ஜூலை 2024

அருள்மேரிக்கு,

காவேரி எழுதுகிறேன். ஒரகடம் ஆராய்ச்சிக்கூடத்தில் அமலனுக்கு மேலதிகாரியாக இருந்த காவேரி. பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. போனில் பதினோரு முறை கூப்பிட்டேன். பதினோரு முறையும் கட் செய்தீர்கள். அப்புறம் நம்பரே போகவில்லை. பழைய ஃபைலில் உங்கள் வாலாஜாபாத் முகவரி இருந்தது. அதனால் இந்தக் கடிதம்.

எங்கள் கூடத்தில் பூசணச் சேமிப்பை மூடுகிறார்கள். நெற்பயிருக்கு நோய் தரும் பூசணங்கள், நானூற்றுச் சொச்சம் குழாய்களில் ஃப்ரீசருக்குள் இருக்கின்றன. கம்பெனிக்கு இனி அந்த ஆராய்ச்சி வேண்டாமாம். செப்டம்பர் முப்பதுக்குள் எல்லாவற்றையும் கொதிநீராவியில் வைத்து அழித்துவிட வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தட்டில் வளர்த்துப் பார்த்து, லிஸ்ட் எழுதி, கையெழுத்துப் போடுவது என் வேலை.

பாதிக்கு மேல் அமலனின் கையெழுத்தில் ஒட்டிய லேபிள்கள். ஃப்ரீசரைத் திறந்தால் பனிப்புகைக்கு உள்ளேயிருந்து அந்த எழுத்துதான் முதலில் தெரிகிறது. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார் இல்லையா, அது.

அவர் லாக்கரில் ஒரு கோட்டு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, குழந்தை ஜெர்சி கிரேயானில் கிறுக்கிய ஒரு தாள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டுமென்றால் கொண்டுவந்து கொடுக்கிறேன். வீட்டுக்குள் வரமாட்டேன். வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று தாள் எழுதிப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

காவேரி

*

வாலாஜாபாத்
21.7.2024

காவேரி மேடத்துக்கு,

கிழிக்கலாம்னுதான் கையில எடுத்தேன். ஜெர்சி பக்கத்துல நின்னுக்கினு "யாரும்மா லெட்டரு போட்டது"ன்னு கேட்டா. வூட்டுக்கு லெட்டர் வர்றதையே அவ பார்த்தது இல்ல. அவ எதிர்ல கிழிக்க மனசு வரல. அதான் படிச்சேன்.

போன்ல என்னால முடியாது. உங்க குரல் கேட்டா கத்திடுவேன். கத்தினா அக்கம்பக்கம் கேக்கும். அதான் எழுதுறேன். எங்க பிளான்ட் கேன்டீன்ல பிரேக்குல குந்திக்கினு எழுதுறது, கோணலாதான் இருக்கும்.

கோட்டு வேணாம், செருப்பு வேணாம். கொளுத்திடுங்க. கொளுத்துறது உங்களுக்குப் பழக்கம்தானே. புள்ள கிறுக்கின பேப்பரை மட்டும் தபால்ல அனுப்புங்க.

நீங்க மறந்திருந்தா ஞாபகப்படுத்துறேன். என் வூட்டுக்காரரு உங்ககிட்ட ஆறு வருசம் வேலை செஞ்சாரு. ஜெர்சி ஞானஸ்நானத்துக்கு வந்து எங்க வூட்டுப் பாயில குந்தி பிரியாணி சாப்ட்டீங்க. "அமலன் இல்லன்னா எனக்குக் கையே இல்ல அருள்மேரி"ன்னு சொன்னீங்க. போன வருசம் பிப்ரவரியில, ஸ்பிரே அடிக்க எடுத்த குழாயை இவரு மாத்திட்டாரு, கேட்டதுக்குப் பொய் சொன்னாருன்னு வேலைய வுட்டுத் தூக்கப் பேப்பர் அடிச்சப்ப அதுல முதல் கையெழுத்து உங்களோடது.

அதுக்கு அப்புறம் எந்த லேப்லயும் அவரை எடுக்கலை. நாலு எடத்துல இன்டர்வியூ நல்லாப் போச்சு. உங்க கம்பெனிக்குப் போன் பண்ணி விசாரிச்சதும் நாலு பேரும் பின்வாங்கிட்டாங்க. கடைசியில கான்ட்ராக்ட்ல பிரஸ் ஷாப்புக்குப் போனாரு. தகடு அடிக்கிற வேலை. ஊசி முனையில பூசணம் தொட்டு எடுக்கிற கைக்கு அந்த வேலை. நவம்பர் பதினாலாம் தேதி, செகண்ட் ஷிஃப்டும் நைட்டும் சேர்த்து பதினாறு மணி நேரம் நின்னுட்டு, காலையில வண்டி எடுத்தாரு. ஒரகடம் தாண்டி ரோட்டோரம் கன்டெய்னர் லாரி நின்னுக்கினு இருந்துச்சு. பிரேக் புடிச்ச தடமே இல்லன்னு போலீஸ்காரரு சொன்னாரு. தூங்கிக்கினே வந்திருக்காரு.

எங்க அடுப்பங்கரைய வந்து பாருங்க. மொளகாத்தூள் டப்பாவுல கூட தேதி எழுதி ஒட்டியிருக்காரு. குழாயை மாத்துற ஆளா அவரு?

எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அவரு மாத்தலைன்னு எழுதிக் குடுங்க. கம்பெனி பேப்பர்ல. முடியலன்னா இன்னொரு லெட்டர் போடாதீங்க.

அருள்மேரி

*

குன்றத்தூர்
4 ஆகஸ்ட் 2024

அருள்மேரிக்கு,

அமலன் குழாயை மாற்றவில்லை. முதல் வரியிலேயே அதை எழுதிவிடுகிறேன். மாற்றவில்லை.

கம்பெனி தாளில் வர வேண்டுமென்றால் நான் நிரூபிக்க வேண்டும். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் வைத்திருந்தது நெல்லில் குலைநோய் உண்டாக்கும் பூசணம். மண்ணூரில் என் பெரியப்பா கன்னியப்பன் வயலில் எடுத்தது. அங்கே இப்போது கார்க் கண்ணாடி கோடவுன் நிற்கிறது. அந்த வயலின் நோய் மட்டும் எங்கள் ஃப்ரீசரில் உயிரோடு இருக்கிறது. அதன் நிறம் கறுப்பு. வித்து இலைமேல் விழுந்ததும் ஒரு சின்னக் குமிழ் உண்டாகும். அந்தக் குமிழின் சுவரில் கறுப்பு ஏறினால்தான் உள்ளே அழுத்தம் நிற்கும். கார் டயரில் இருப்பதைப்போல நாற்பது மடங்கு அழுத்தம். அந்த வேகத்தில் இலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கறுப்பு ஏறாவிட்டால் குமிழ் சும்மா இலைமேல் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கறுப்பைப் பூசணம் தயாரிப்பது உங்கள் பிளான்ட்டில் ஓடும் லைன் மாதிரி. நாலைந்து ஸ்டேஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு. முதல் ஸ்டேஷனின் மரபணுவை உடைத்தோம். பூசணம் பஞ்சுபோல வெள்ளையாக வந்தது. 'மண்ணூர் வெள்ளை' என்று பெயர் வைத்தது அமலன்தான். நடுவில் இருக்கும் ஒரு ஸ்டேஷனை உடைத்துப் பார்த்தோம். அது ரோஸ் நிறத்தில் வந்தது. இரண்டுமே இலையைத் துளைக்காது. வெள்ளையைப் பயிர்மேல் தெளித்தால் நோய் வராது, ஆனால் பயிர் உஷாராகி நோயை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். கம்பெனியின் நம்பிக்கை முழுக்க அந்த வெள்ளைமேல்தான் இருந்தது.

போன வருஷம் ஜனவரி 25, டைரக்டர் ராஜசேகர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பசுமைக்குடிலுக்கு வந்தார். வெள்ளை தெளித்த நாற்றெல்லாம் புள்ளி. கண் வடிவில், நடுவே சாம்பல் நிறத்தில். வெளியூர்க்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வெள்ளை என்று நினைத்து யாரோ கறுப்பைத் தெளித்துவிட்டார்கள், குழாய் மாறிவிட்டது என்று முடிவானது. பசுமைக்குடில் பதிவேட்டில் இருந்தது அமலனின் கையெழுத்து.

இந்த ஜூனில் லிஸ்ட் எடுக்கும்போது தட்டுகள் போதவில்லை. வெள்ளையையும் ரோஸையும் ஒரே தட்டில் எதிரெதிராக வைத்தேன். எட்டாம் நாள் காலை வளர்ப்புப் பெட்டியின் கதவைத் திறக்கிறேன். ரோஸுக்குப் பக்கத்தில், வெள்ளையின் ஓரம் கறுத்திருந்தது. யாரோ பேனாவால் கோடு போட்டதுபோல. கதவை மூடிவிட்டேன். மறுபடி திறக்கப் பத்து நிமிஷம் ஆனது.

ஒன்பது முறை திரும்பச் செய்துவிட்டேன். ஒன்பது முறையும் அந்தக் கோடு. ரோஸ் தன் லைனில் பாதிவரை செய்த சரக்கு மேலே நகர முடியாமல் வெளியே கசிகிறது. வெள்ளைக்கு உடைந்தது முதல் ஸ்டேஷன் மட்டும்தான், மற்றவையெல்லாம் சரியாக ஓடுகின்றன. அது அந்தக் கசிவை உறிஞ்சி மீதி வேலையைத் தானே முடித்துக் கறுத்துவிடுகிறது. கறுத்தால் துளைக்கும். மரபணுவைப் பரிசோதித்தேன். உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது. அது வெள்ளைதான்.

அன்று எங்கேயோ ரோஸும் வெள்ளையும் ஒன்று சேர்ந்திருக்கின்றன. நடந்தது அவ்வளவுதான். யாரும் குழாயை மாற்றவில்லை.

ஜெர்சியின் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

காவேரி

*

வாலாஜாபாத்
18.8.2024

மேடம்,

லைன் கதை எனக்குப் புதுசு இல்ல. இதே கதைய அவரு எனக்குப் போன வருசமே சொல்லிட்டாரு. சாப்ட்டுக்கினு இருந்தவரு தட்டுல ரசத்தையும் மோரையும் ரெண்டு பக்கமா ஊத்தி, நடுவுல சோத்தால ஒரு கரை கட்டி, "இது அங்க கசியுது பாரு"ன்னு காட்டினாரு. லேப்பை வுட்டு அனுப்பிச்சு பத்து நாள் ஆயிருக்கும். அவரு மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். புள்ளி வந்த அன்னிக்கு ஸ்பிரேயர் டப்பா அடியில ரோஸ் கறை காஞ்சு கெடந்துச்சாம். யாரோ ரோஸ் வளர்ந்த தண்ணி இருந்த டப்பாவக் கழுவாம வெள்ளைய ஊத்தி அடிச்சிருக்காங்கன்னு சொன்னாரு.

யாருன்னு கேட்டேன். தெரியாதுன்னு சொல்லிட்டு, பாதிச் சோத்துல எழுந்து கை கழுவிட்டாரு.

"மேடம்கிட்ட சொன்னா புரிஞ்சுக்குவாங்க"ன்னு சொல்லிக்கினே மறுநாள் உங்க கேட்டுக்கு வந்தாரு. மேடம் மீட்டிங்ல இருந்தாங்கன்னு திரும்பிட்டாரு. அடுத்த வாரமும் மீட்டிங். மூணாவது தபா போயிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழட்டாமலே வாசப்படியில குந்திக்கினாரு. நான்தான் கழட்டினேன். அதுக்கு அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல.

நீங்க ஒன்பது தபா செஞ்சு கண்டுபுடிச்சத அவரு ஒரு கறையப் பார்த்துக் கண்டுபுடிச்சாரு மேடம்.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. தெனம் காலையில ஆறு நாப்பதுக்கு அவரு வண்டி வருது. சந்து முனையில ஹார்ன் அடிக்காம சவுண்டைக் குறைப்பாரு, புள்ள எழுந்துரும்னு. அதே மாதிரி குறையுது. அப்புறம் ஸ்டாண்டு போடுற சத்தம். நான் போய்ப் பார்த்தா வாசல் காலி. முதல்ல எனக்குத்தான் புத்தி சரியில்லன்னு நெனச்சேன். ஒரு நாள் ஜெர்சி தூக்கத்துல இருந்து எழுந்து, "அப்பா வந்துட்டாரு, தண்ணி குடும்மா"ன்னா. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சு செபம் பண்ணிட்டுப் போனாரு. மறுநாளும் ஆறு நாப்பதுக்கு வந்துச்சு. பயம் இல்ல. ஆனா எதுக்கு வர்றாரு, இன்னா சொல்ல வர்றாருன்னு தெரியாம தெனம் கதவத் தொறந்துக்கினு நிக்கிறது ஒரு வேதனை.

"எங்கேயோ ஒன்று சேர்ந்திருக்கின்றன"ன்னு எழுதியிருக்கீங்க. எங்கேயோ இல்ல. உங்க லேப்புல. அதுங்களுக்குக் காலு கெடையாது. யாரு சேர்த்தது?

அருள்மேரி

*

குன்றத்தூர்
25 ஆகஸ்ட் 2024

அருள்மேரிக்கு,

நான்.

போன வருஷம் ஜனவரி 19, வியாழக்கிழமை. அமலன் காலையில் வந்து கார்டு தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். பத்தரை மணிக்கு உங்கள் போன் வந்தது. ஜெர்சிக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்துவிட்டது என்று. அவருக்கு லீவு ஒன்றும் மிச்சமில்லை. அந்த மாதம்தான் அவரை நிரந்தரம் ஆக்கும் லிஸ்ட் போயிருந்தது. ஒரு ஆப்சென்ட் விழுந்தால் அடுத்த வருஷம் என்று தள்ளிவிடுவார்கள். "வெளியே போக கார்டு தேய்க்காதே, சாம்பிள் வண்டியில் ஏறிப் போ, சாயங்காலம் வந்து தேய்த்துக்கொள். தெளிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஃப்ரீசரிலிருந்து வெள்ளையை எடுத்து வளர்த்தது அவர். தெளிப்பானில் ஊற்றி அடித்தது நான். முந்தைய நாள் அதில் ரோஸ் வளர்ந்த தண்ணீர் இருந்தது. கழுவ இரண்டு நிமிஷம் போதும். எனக்கு ஒரு வீடியோ மீட்டிங் இருந்தது, கழுவவில்லை. பதிவேட்டில் அமலனின் கையெழுத்தை நான்தான் போட்டேன். அவரைக் காப்பாற்றத்தான் போட்டேன்.

அந்தக் கையெழுத்துதான் விசாரணையில் அவரைப் பிடித்தது. கார்டு பதிவுப்படி அன்று முழுக்க அவர் உள்ளே இருந்தார். "நீதானே அடித்தாய்?" என்று ராஜசேகர் கேட்டபோது அமலன் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர், "குழாய் மாறல சார்" என்று மட்டும் சொன்னார். அடித்தது நான் இல்லை என்று சொல்லவே இல்லை.

கசிவு விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. அது தெரியாமல்தான் பேசாமல் இருந்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். அது இன்னும் கேவலம் அருள்மேரி. அவர் வளர்த்து வைத்ததை விட்டுவிட்டு நானே வேறு குழாயை எடுத்து ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன். என் தப்பு என்று நினைத்துக்கொண்டேதான் அவர் தலையில் அது விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒன்றுதான் கேட்டார். 27-ஆம் தேதி நாற்றுகளையெல்லாம் எரிக்க அள்ளியபோது என்னிடம் வந்து, "ஒரே ஒரு இலை மேடம். அந்தப் புள்ளியிலிருந்து வளர்த்துப் பாருங்க. கறுப்பா வந்தா நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன். வெள்ளையா வந்தா குழாய் மாறலைன்னு தெரிஞ்சுரும்" என்றார். வெள்ளையாக வந்தால், தெளிப்பில் என்ன தப்பு நடந்தது என்ற அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும் என்று பட்டது. எரிக்கச் சொன்னேன்.

கேட்டுக்கு வந்த மூன்று முறையும் எனக்கு மீட்டிங் இல்லை. இரண்டாவது மாடிக் கண்ணாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி அறை நிழலில்கூட ஒதுங்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். சண்டை போட வருகிறார் என்று நினைத்தேன். என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லித்தரத்தான் வந்தார் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

அந்தக் கண்ணாடியில் இப்போது திரை போட்டிருக்கிறேன். திரைக்குப் பின்னாலும் அமலன் நிற்கிறார். மதியம் பன்னிரண்டரை மணிக்கு, ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில், நல்ல வெளிச்சத்தில்.

இதையெல்லாம் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஆனால் தட்டில் கோடு விழுவது, அன்று இலையில் நடந்ததற்குச் சாட்சி ஆகாது என்பார்கள். அந்த இலைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. என் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. அதற்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

காவேரி

*

வாலாஜாபாத்
8.9.2024

காவேரி,

இனிமே மேடம் போட கை வரல.

பத்தொன்பதாம் தேதின்னு நீங்க எழுதினதும் ஜெர்சியோட ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். சீட்டுல அதே தேதி போட்டிருக்கு. அன்னிக்கு அவரு புள்ளைய மடியில வெச்சுக்கினு பெஞ்சுல குந்தியிருந்தாரு. நான் பக்கத்துல இருந்தேன். இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உங்க கேட்டை ஒடச்சிருப்பேன். அதான் என்கிட்ட சொல்லல போல.

அந்த ஃபைல்லயே பின்னாடி ஒரு கவர் இருந்துச்சு. ஸ்கேன் பேப்பருக்கு உள்ள சொருகி வெச்சிருக்காரு. ஃபைலை அதுக்கு அப்புறம் நாங்க எடுக்கவே இல்ல. மேல அவரு எழுத்து: "27.1.23, பி குடில், மூணாவது தட்டு. ஒரு இலை." உள்ள ஒரு நெல்லு இலை காஞ்சு கெடக்கு. கண்ணு கண்ணா புள்ளி.

எரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துட்டாரு.

தபால்ல அனுப்பப் பயம். என் தம்பி ஏசுதாஸ் கையில குடுத்து அனுப்புறேன். அவன்கிட்ட எதுவும் பேசாதீங்க, அவனுக்கு எதுவும் தெரியாது. இருபது மாசம் ஆச்சு, உள்ள உசுரு இருக்குமான்னு எனக்குத் தெரியல. நீங்கதான் படிச்சவங்க.

இது ஒண்ணுதான் கீது. கையில வேற எதுவும் இல்ல. பார்த்து.

அருள்மேரி

*

குன்றத்தூர்
13 அக்டோபர் 2024

அருள்மேரிக்கு,

உயிர் இருந்தது.

புள்ளியை நகக்கண் அளவுக்கு வெட்டி, கழுவி, ஈரக் காகிதத்தில் வைத்தேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் ஓரத்தில் நூல்போல ஏதோ தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கப் பயமாக இருந்தது. அதைத் தட்டுக்கு மாற்றினேன். ஏழாம் நாள் தட்டு முழுக்க வெள்ளை. பஞ்சு மாதிரி. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. மரபணுவைச் சோதித்தேன். நாங்கள் உடைத்த அதே இடத்தில் உடைந்திருந்தது. நான் மட்டும் பார்த்தால் நம்பமாட்டார்கள் என்று வெளியே இன்னொரு கூடத்துக்கும் ஒரு துண்டு அனுப்பினேன். அவர்களும் அதையே எழுதினார்கள்.

தட்டு வெள்ளையாக வந்த அன்று எங்கள் கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வெள்ளைதான் அமலன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பதில் வருமோ என்று நின்றேன்.

செப்டம்பர் 24 கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, கையெழுத்து, தெளிப்பான், கேட். ராஜசேகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏன் காவேரி இப்போ? எல்லாத்தையும் மூடப்போறோம். அவரும் இல்லை. இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றார். "அவர் மனைவிக்கு சார்" என்றேன். "கேஸ் போடுவாங்களா?" என்றார்.

முதலில் 'பதிவு திருத்தப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். திருப்பி அனுப்பினேன். இரண்டாவதிலும் அவர் பெயர் இல்லை. அதையும் திருப்பினேன். மூன்றாவது இதோடு இருக்கிறது. கம்பெனி தாள், முத்திரை, ராஜசேகர் கையெழுத்து. அமலன் தவறு செய்யவில்லை, பொய் சொல்லவில்லை, தவறு காவேரியுடையது என்று தமிழிலும் எழுத வைத்தேன்.

என்னை ராஜினாமா எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அதைப் பற்றி நீங்கள் நினைக்க வேண்டியது எதுவும் இல்லை.

முப்பதாம் தேதி குழாய்களை அழித்தேன். கடைசி ரேக் அமலனுடையது. இலையிலிருந்து வந்த வெள்ளையையும் அதில் வைத்தேன். ஒன்றே ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளக் கை போனது. வைக்கவில்லை. எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அது பயிருக்கு நோய். அமலன் என்றால் விட்டிருக்கமாட்டார். மூடியைத் திருகி, பிரஷர் ஏறும்வரை பக்கத்தில் நின்றேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லும் பாரம் உங்கள்மேல் விழும்.

காவேரி

*

வாலாஜாபாத்
17.11.2024

காவேரி,

பேப்பர் வந்துச்சு. உடனே பதில் போட முடியல.

கல்லறைத் திருநாளுக்கு ஜெர்சியக் கூட்டிக்கினு போனேன். பூவும் மெழுகுத்திரியும் வெச்சுட்டு, அந்தப் பேப்பரை எடுத்துப் படிச்சேன். சுத்தி ஜனம். முதல்ல வெக்கமா இருந்துச்சு, மெதுவாப் படிச்சேன். 'பொய் சொல்லவில்லை'ங்கிற எடத்துல கொரல் பெருசாயிடுச்சு. பக்கத்துக் கல்லறையில இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டும்னு இன்னொரு தபா படிச்சேன். அவருக்கு வேலை இல்லன்னு சொன்ன நாலு லேப்புக்கும் ஜெராக்ஸ் எடுத்து ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். யாரும் பதில் போடல. போட வேணாம். படிச்சாப் போதும்.

அதுக்கு மறுநாள் காலையில ஆறு நாப்பது ஆச்சு. வண்டி வரல. அதுக்கு மறுநாளும் வரல. பதினஞ்சு நாள் ஆவுது. நான் இன்னும் ஆறரைக்கு எழுந்து கதவாண்ட நிக்கிறேன். பால்காரரு சைக்கிள் மட்டும் போவுது. "அப்பா ஏம்மா வர்றதில்ல"ன்னு ஜெர்சி கேட்டா. அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறிடுச்சுன்னு சொன்னேன். சரின்னுட்டா.

போன வியாழக்கிழமை அவரு போய் ஒரு வருசம். பூசை வெச்சேன். ஃபாதர் பிரசங்கத்துல அவரு பேரைச் சொன்னாரு. எல்லாரும் வந்து என் கையப் புடிச்சு, இனிமே அவரு ஆத்துமா நிம்மதியா இருக்கும்னு சொன்னாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. நிம்மதியாப் போயிட்டாரு, சரி. நான் இன்னா பண்றது? நீங்க அவரு பேரைத் திருப்பிக் குடுத்தீங்க. கூடவே அவரையும் கூட்டிக்கினு போயிட்டீங்க. இதுக்கு உங்க மேல கோவப்படலாமான்னு எனக்குத் தெரியல. ஆனா படுறேன்.

மன்னிக்கலை. நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன். பரலோக மந்திரத்துல மன்னிக்கிற எடம் வரும்போது மட்டும் என் வாய் மூடிக்குது. என்னைக்காவது தொறக்குமான்னு சொல்ல முடியாது.

இத எதுக்கு எழுதுறேன்னா, அடக்கத்து அன்னிக்கு உங்க லேப் வாட்ச்மேன் மாரிசெல்வம் வந்திருந்தாரு. அழுதுக்கினே ஒண்ணு சொன்னாரு. அமலன் லேப்புல எல்லாரையும் மாதிரி பேசிக் காட்டுவாராம். டைரக்டரை, டிரைவரை, கேன்டீன்காரரை. எல்லாத்தையும் வுட உங்களை மாதிரி பேசினா வயிறு புண்ணாயிடுமாம். நீங்களே ஒரு நாள் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு சிரிச்சுட்டீங்களாமே.

அவரா? எட்டு வருசம் அவரோட குடும்பம் பண்ணியிருக்கேன். வூட்டுல நாலு வார்த்தைக்கு மேல பேசினது இல்ல. பேசிக் காட்டுற அமலனை நான் பார்த்ததே இல்ல. ஜெர்சியும் பார்த்தது இல்ல. அந்த ஆளு உங்ககிட்டதான் இருந்திருக்காரு.

வர்ற ஞாயித்துக்கெழமை எனக்கு ஆஃப். பூசை முடிஞ்சு பத்து மணிக்கு மேல வூட்டுலதான் இருப்போம். வாங்க. டீ போடுவேனான்னு இப்ப சொல்ல முடியாது. உள்ள வந்து குந்துங்க. அவரு உங்களை மாதிரி எப்படிப் பேசுவாருன்னு, அதே மாதிரி எங்களுக்குப் பேசிக் காட்டுங்க.

அருள்மேரி